எடுப்பதற்கு மட்டும் கையெழுத்து

நாற்பத்தேழு. சீட்டில் நாலைப் பார்த்தால் ஒன்பது மாதிரி இருக்கிறது, எழுதியவருக்கு என்ன அவசரமோ. இப்போது உள்ளே போயிருப்பது முப்பத்தொன்று. இன்னும் பதினைந்து பேர் போனால் நான். பனியன் கம்பெனியில் மதியம் வரைக்கும்தான் பர்மிஷன் வாங்கியிருக்கிறேன், பல்வலி என்று சொல்லி. பல்வலி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டால் போதும். காப்பர்-டி எடுக்கப் போகிறேன் என்று லைன் இன்சார்ஜிடம் சொல்ல முடியுமா? சொல்லலாம்தான், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, ஆனால் எப்போது போட்டது என்று கேட்பான், எனக்கே மூன்று வாரம் முன்புதான் தெரியும் என்றால் நம்ப மாட்டான். நானே இன்னும் முழுசாக நம்பவில்லை. ஐந்து வருடமாக என் வயிற்றுக்குள், பிள்ளை தங்காமல் தடுக்கிற ஒரு சாமான் இருந்திருக்கிறது. என் மகள் தன்ஷிகா பிறந்த அன்றே, இதே ஆஸ்பத்திரியில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வைத்துவிட்டார்கள். அதை எடுத்துவிடுங்கள் என்று போன திங்கள்கிழமை வந்து கேட்டால், ஸ்டெல்லா சிஸ்டர் தலையைக்கூட நிமிர்த்தாமல் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும், கூட்டிக்கொண்டு வா, இல்லை என்றால் எழுதி வாங்கிக்கொண்டு வா என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நானும் சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஏறி, உட்கார்ந்து, இரண்டு ஸ்டாப் தாண்டிய பிறகுதான் சொல்ல வேண்டிய வாக்கியம் வாயில் வந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான். சண்டை முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகுதான் எனக்குப் பேச்சு வரும். வைக்கிறதுக்கு அவர் கையெழுத்து வேண்டியதில்லை, எடுக்கிறதுக்கு மட்டும் வேணுமாங்க? அவ்வளவுதான் வாக்கியம். ஒரு வாரமாகச் செக்கிங் டேபிளில் பனியனைப் புரட்டும்போதெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். இன்று கையெழுத்து இல்லாமல்தான் வந்திருக்கிறேன்.

முப்பத்திரண்டு போகிறது. அந்தப் பெண் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்து, ஒன்றைக் கழற்றி ஒன்றோடு நின்று, அப்புறம் இரண்டையும் கழற்றுகிறது. மூன்று வாரம் முன்பு ஸ்கேன் சென்டரில் நானும் அப்படித்தான் நின்றேன். முட்ட முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து, இதோ இதோ என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்து, கடைசியில் படுக்க வைத்தபோது எனக்கு இருந்த கவலை எல்லாம் அந்த மெத்தையைப் பற்றித்தான். வயிற்றில் சில்லென்று ஏதோ தடவினார்கள். ஸ்கேன் எடுத்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். திரையைப் பார்த்துக்கொண்டே, எத்தனை வருசமா அடுத்த குழந்தைக்குப் பார்க்கறீங்க என்று கேட்டாள். நாலு வருசமாச்சுங்க என்றேன். அவள் கை நின்றுவிட்டது. காப்பர்-டி இருக்கே, அதை எடுக்காம எப்படிங்க தங்கும் என்றாள். திட்டவெல்லாம் இல்லை, கடைக்குப் பையில்லாமல் வந்தவளைக் கேட்பது மாதிரி சாதாரணமாகக் கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். ஆமாங்க, மறந்துட்டனுங் என்றேன். மறந்தேனாம். ஐந்து வருடம் எனக்குள் இருந்ததை மறந்தேனாம். எனக்கு ஒன்றும் தெரியாது, என்னை யாரும் கேட்கவில்லை என்று சொல்வதைவிட, மறந்துபோன மடச்சி என்று பெயர் வாங்குவது அந்த நிமிடத்தில் சுலபமாக இருந்தது. தன் உடம்பில் என்ன இருக்கிறது என்றே தெரியாதவள் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. வெளியே வந்தால் என் வீட்டுக்காரர் மோகன் தன் லோடு ஆட்டோவை ஒரு ஜவுளிக்கடை வாசலில் நிறுத்தியதற்கு வாட்ச்மேனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்ன சொன்னாங்க என்று கேட்டார். எல்லாம் நல்லா இருக்குதாமுங்க என்றேன். அதுவும் பொய் இல்லை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் விஷயம், எல்லாம் நாலு வருடமும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

நாலு வருடம் என்றால் சும்மாவா? கோயில் வேப்பமரத்தில் தொட்டில் கட்டினேன். மஞ்சள் துணி, உள்ளே ஒரு மரப்பொம்மை. முதல் வருடம் கட்டியது மழையில் நைந்து விழுந்துவிட்டது என்று அடுத்த வருடம் நைலான் கயிற்றில் கட்டினேன். சித்த வைத்தியர் கொடுத்த சூரணத்தை மூன்று மாதம் தேனில் குழைத்து நக்கினேன், நாக்கு கறுத்ததுதான் மிச்சம். என் மாமியார் வேலாத்தாள் பேரப்பிள்ளை வரும்வரை காபி குடிப்பதில்லை என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். ஒரு நாளைக்கு ஐந்து தம்ளர் குடித்த மனுஷி. நிறுத்தினார் பாருங்கள், அன்று பிடித்த தலைவலி அவருக்கும் விடவில்லை, எங்களுக்கும் விடவில்லை. யாராவது பக்கத்து வீட்டில் டிகாஷன் இறக்கினால் கதவைச் சாத்திக்கொள்வார். என்னை ஒரு சொல் திட்டியதில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். என் முன்னால் சுடுதண்ணீரை ஆற்றி ஆற்றிக் குடிப்பார், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். இத்தனையும் நடந்தபோது அந்தக் காகிதம் எங்கே இருந்தது? சாமி படத்துக்குப் பின்னால். தன்ஷிகா பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று மோகன் பிளாஸ்டிக் கவரில் போட்டு முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அதில் இங்கிலீஷில், கோழி கிளறியது மாதிரி ஒரு எழுத்தில், கடைசி வரியில் எழுதியிருக்கிறது. போன திங்கள்கிழமை அதைக் கொண்டுவந்து நீட்டியபோது சிஸ்டர்தான் விரல் வைத்துக் காட்டினார், இதோ போட்டிருக்கேம்மா என்று. நாலு வருடம் தினமும் சாயங்காலம் அந்தக் காகிதத்துக்கு முன்னால் நின்று சூடம் காட்டி, இன்னொரு குழந்தையைக் கொடு என்று கேட்டிருக்கிறேன். முருகனுக்குத் தெரிந்திருக்கும். அவர் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். நினைத்தால் அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது, எது முதலில் என்று தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் இருக்கிற அம்மா என்னைப் பார்க்கிறார். சளி என்று நினைத்துக்கொள்ளட்டும்.

கையெழுத்துப் போட்டிருக்கேனாமே நான். அதையும் சிஸ்டர் சொன்னார். கையெழுத்து வாங்காம வைக்க மாட்டோம், நீதான் போட்டிருப்ப. போட்டிருப்பேன். வலி வந்து, இடுப்புக்குக் கீழே என்னுடையது என்று ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தபோது, யாரோ அட்டையில் செருகிய தாள்களை நெஞ்சுக்கு மேலே நீட்டினார்கள். இங்க, இங்க, இங்க. மூன்று இடம். பேனா எழுதவில்லை, வேறு பேனா கொடுத்தார்கள். மூன்றாவது கையெழுத்துப் போடும்போது வலி வந்து, கோகிலவாணி என்ற பெயரில் வாணி கோட்டை விட்டுக் கீழே போய்விட்டது. கோணலாகப் போய்விட்டதே, வேறு தாளில் போட்டுத் தரட்டுமா என்று நான் கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் கவலை. என்ன தாள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களா? தெரியாது. அங்கே எல்லோருக்கும் வேலை இருந்தது, ஐந்து கட்டிலில் ஐந்து பேர் கத்திக்கொண்டிருந்தோம். கம்பெனியில் ஒரு பீஸில் சின்ன ஓட்டை இருந்தால்கூட நான் ஸ்டிக்கர் ஒட்டி, இங்கே இருக்கிறது என்று அம்பு காட்டித்தான் திருப்பி அனுப்புவேன். இவர்கள் எனக்கு ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டவில்லை. பிறகாவது சொன்னார்களா? மறுநாள் ஒரு அம்மா வந்து, ரத்தம் அதிகமாகப் போனால் வந்து காட்டு என்றார். பிள்ளை பெற்றால் போகத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன். மாதா மாதம் கூடுதலாகத்தான் போயிற்று. அடி வயிற்றில் சுருக்கென்று பிடிக்கும். நின்று வேலை செய்கிறோம் இல்லையா, அதனால்தான் என்று செக்கிங் செக்ஷனில் எல்லோரும் சொன்னார்கள். எல்லோருக்கும் பிடிக்கிறதாம். இதில் எத்தனை பேருக்கு என்னை மாதிரியோ. முப்பத்தைந்து போகிறது.

நான் ஒன்றும் கவர்மெண்ட் மருந்து என்றாலே ஓடுகிறவள் இல்லை. தன்ஷிகாவுக்குச் சொட்டு மருந்து ஒரு தடவை தவறியதில்லை. கொரோனா ஊசி போட்டால்தான் கேட்டுக்குள் விடுவோம் என்று கம்பெனியில் சொன்னபோது பாதிப் பேர் முணுமுணுத்தார்கள், நான் முதல் நாளே வரிசையில் நின்றேன். இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது, அடிக்கட்டும். அன்றைக்கும் என்னை யாரும் கேட்கவில்லைதான், ஆனால் என்ன ஊசி, எதற்கு ஊசி என்று எனக்குத் தெரியும். கையை நான்தான் நீட்டினேன். எனக்கு வந்தால் பக்கத்து டேபிள்காரிக்கு வரும், அவள் வீட்டில் அப்பாவுக்கு வரும், அதனால் போடு என்றால் அதில் நியாயம் இருக்கிறது. இது யாருக்கு ஒட்டிக்கொள்ளும்? என் வயிற்றில் இன்னொரு பிள்ளை வந்தால் யாருக்குக் காய்ச்சல் வரும்? சுவரில் எழுதியிருக்கிறது, நாம் இருவர் நமக்கு ஒருவர் என்று. அந்த நாமில் நான் இருக்கிறேனா இல்லையா என்று எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். சரி, ஸ்டெல்லா சிஸ்டரையும் முழுசாகத் திட்ட முடியவில்லை. போன வாரம் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். ஒரு பெண், இருபத்திரண்டு வயது, முதல் பிள்ளைக்கு ஒன்றும் வேண்டாம் என்று அடம்பிடித்துப் போனவள், பதினோராவது மாதமே திரும்ப வந்து, உடம்பில் ரத்தமே இல்லாமல் அவர் கையிலேயே போய்விட்டாளாம். கேட்டால் வேண்டாம் என்கிறார்கள், வேண்டாம் என்கிறவர்கள்தான் திரும்ப வருகிறார்கள், அதனால்தான் கேட்பதே இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அதைத்தான் சொன்னார். மேலே இருந்து மாதத்துக்கு இத்தனை பேர் என்று கேட்பார்களாம், குறைந்தால் மீட்டிங்கில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்களாம். எங்களுக்கு ப்ரொடக்ஷன் டார்கெட் வைப்பது மாதிரிதான் போல. நானும் டார்கெட்டுக்குப் பயந்து எத்தனையோ பீஸை அவசரமாகப் பார்த்துத் தள்ளியிருக்கிறேன். ஆனால் பனியனுக்கு வலிக்காது. அந்தப் பெண் செத்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? எனக்கு அவளுக்காக மனசு வலிக்கிறது, நிஜமாகவே. அவளுக்கு விளக்கிச் சொல்லாமல் விட்டதும் தப்பு, எனக்குச் சொல்லாமல் வைத்ததும் தப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, பத்து நிமிடம் பேசியிருந்தால் ஆகாதா? பத்து நிமிடத்துக்குத்தான் ஊரில் பஞ்சம்.

முப்பத்தொன்பது. சரி, எடுத்துவிட்டார்கள் என்று வை. அப்புறம்? இங்கேதான் ஒவ்வொரு தடவையும் போய் மாட்டிக்கொள்கிறேன். எடுத்தால் அடுத்த மாதமே தங்கலாமாம். அத்தை காபி குடிக்கலாம். மோகன் சிரிக்கலாம். நான்? ஸ்கேன் சென்டரில் கோபம் வருவதற்கு முன்னால், வெட்கம் வருவதற்கும் முன்னால், ஒரு கண்ணிமைப்பு நேரத்துக்கு எனக்கு வேறொன்று வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பாடா என்று இருந்தது. என் உடம்பில் பழுது இல்லை என்ற அப்பாடா ஒன்று. நாலு வருடமாக என்னை நானே டேமேஜ் பீஸ் குவியலில் தூக்கிப் போட்டு வைத்திருந்தேன், அது பொய் என்று ஆனது. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு அப்பாடாவும் இருந்தது. அது பழைய அப்பாடா. மாதா மாதம் தலைக்கு ஊற்றும்போது வரும். வெளியே உச் கொட்டுவேன், அத்தை முகத்தைப் பார்த்து நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வேன், உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் சரி இந்த மாதம் இல்லை என்று ஒரு மூச்சு வரும். அந்த மூச்சுக்காகத்தான் சாமி தரவில்லை என்றுகூட நினைத்திருக்கிறேன், அதற்குப் பரிகாரமாகத்தான் இரண்டாவது தொட்டில். இந்த நாலு வருடத்தில் ஹெல்ப்பராக இருந்தவள் செக்கிங் ஆனேன், ஸ்கூட்டி ஓட்டப் பழகினேன், தன்ஷிகா பக்கத்தில் படுத்துத் தூங்கும்போது அவள் கால் என் வயிற்றின்மேல் விழுந்தால் அதை எடுத்துவிடாமல் அப்படியே கிடக்கிறேன். இது போதும் என்று தோன்றுகிறது. மறுநாள் தெருவில் யாராவது கைக்குழந்தையைத் தூக்கிப் போனால் மார்பு கனக்கிறது. எது நான்? ஒருவேளை சிஸ்டர் எனக்கு நல்லதுதான் செய்தாரோ? இந்தக் கேள்வி வந்ததும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. நல்லதாகவே இருக்கட்டும். திருடன் ஒருவன் வீட்டுக்குள் வந்து பாத்திரம் எல்லாம் கழுவி வைத்துவிட்டுப் போனால், வந்ததே சரி என்று ஆகிவிடுமா?

போன் அடிக்கிறது. மோகன். எடுக்கவில்லை, அடித்து நிற்கட்டும். கம்பெனியில் இருக்கும்போது எடுக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும், அப்புறம் எதற்கு அடிக்கிறார்? பல்வலி என்று யாராவது சொல்லிவிட்டார்களா? அவர் அதட்டுகிற மனுஷன் இல்லை. வாட்ச்மேனிடம் கத்துவார், என்னிடம் கத்த மாட்டார். ஆனால் சொன்னால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும், உனக்குத் தெரியாம எப்படி? ஊரே அதைத்தான் கேட்கும். அத்தை கேட்க மாட்டார், என்னை ஒரு பார்வை பார்ப்பார், நாலு வருடக் காபி அந்தப் பார்வையில் இருக்கும். வேண்டுமென்றே வைத்துக்கொண்டு எங்களைக் கோயில் கோயிலாக அலைய விட்டாள் என்று சித்தி வீட்டுக்காரர்கள் பேசுவார்கள். மூன்று வாரமாக இதற்குத்தான் பயந்துகொண்டு இருக்கிறேன். அதைவிடக் கேவலமான பயம் ஒன்று உண்டு. அவருக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்று ஒரு நாள் தோன்றிவிட்டது. பிரசவ வார்டுக்கு வெளியே அவரிடமும் யாராவது தாளை நீட்டியிருப்பார்களோ, அவரும் இங்க இங்க என்ற இடத்தில் போட்டிருப்பாரோ. அன்று முழுவதும் அவர் சோறு பிசையும் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்திருந்தால் ஸ்கேனுக்குக் கூட்டிப் போவாரா என்று அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. பாருங்கள், கேட்காமல் செய்த ஒரு காரியம் என்னென்ன செய்கிறது. கட்டின புருஷனையே வேவு பார்க்க வைத்துவிட்டது. அவர் கையெழுத்து வேண்டும் என்றால் நேற்று ராத்திரியே கேட்டு வாங்கியிருக்கலாம், போட்டுக் கொடுத்திருப்பார், எனக்குத் தெரியும். அதனால்தான் வாங்கவில்லை. அவர் கொடுத்து நான் வாங்கிக்கொள்கிற சாமானாக என் உடம்பு ஆகிவிடக் கூடாது, நல்லவர் கையால் என்றாலும். இதை இவ்வளவு தெளிவாக இப்போதுதான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பக்கத்து அம்மா என் சீட்டை எட்டிப் பார்த்து, உன்ற நம்பர் தொண்ணூத்தேழா கண்ணு, சாயங்காலம் ஆயிருமே என்று பரிதாபப்பட்டார். நாற்பத்தேழுங்க என்றேன். அப்ப எந்திரி, கூப்புட்டாச்சு என்றார்.

எழுந்தபோது கால் மரத்திருந்தது. ஸ்டெல்லா சிஸ்டர் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். சீட்டை வாங்கினார், என்னை அடையாளம் கண்டுகொண்டார், அவர் கேட்கப் போவதை அவர் வாயைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஒரு வாரமாகத் தேய்த்து மினுக்கி வைத்திருந்த வாக்கியம், நேரம் வந்ததும் தலைகீழாக வந்தது.

"கையெழுத்து வாங்கிட்டு வந்தியாம்மா?"

"இல்லீங் சிஸ்டர். எடுக்கறதுக்கு அவர் கையெழுத்து கேக்கறீங்க. வைக்கறப்ப கேட்டீங்களா? அவர விடுங்க, என்னக் கேட்டீங்களா? அஞ்சு வருசமா எனக்கே தெரியாதுங்."

கடைசி வார்த்தை பாதியில் கரகரத்துப் போய்விட்டது. பின்னால் வரிசையில் யாரோ குழந்தையை உஷ் என்று அடக்கினார்கள். சிஸ்டர் என்னையே பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மேஜைமேல் வைத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன், அவருக்கு என் அக்காவின் வயதுகூட இருக்காது, கண்ணுக்குக் கீழே மட்டும் ஐம்பது ஆகியிருந்தது. தெரியாதா என்றார். தெரியாதுங்க என்றேன். மன்னிப்பு கேட்கவில்லை, கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. சீட்டை மட்டும் மற்றச் சீட்டுகளின் மேலே வைத்து, உள்ளே போ, டாக்டர்கிட்ட நீயே சொல்லு என்றார்.

டாக்டரம்மா புதுசு, போன வாரம் இருந்தவர் இல்லை. நான் முழுவதையும் சொன்னேன், ஸ்கேன், சீட்டு, கையெழுத்து, எல்லாம் மூச்சு விடாமல். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. முடித்ததும், வீட்டுக்காரர் கையெழுத்து எந்தச் சட்டத்திலும் கிடையாது, நீங்கள் சொன்னால் போதும் என்றார். நீங்கள் என்றார். இந்த ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த முதல் நீங்கள். பிறகு சுருக்கமாக விளக்கினார். எடுக்க ஒரு நிமிடம்தான் ஆகும், வைத்தது இன்னும் ஐந்து வருடம் வேலை செய்யும், இருக்கட்டும் என்றால் இருக்கலாம், எடுத்தால் சீக்கிரமே கர்ப்பம் தங்கலாம், இப்போது வேண்டாம் என்றால் மாத்திரை உண்டு, வேறு வழிகளும் உண்டு, ஒன்றும் வேண்டாம் என்றாலும் சரி.

"நீங்க என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?"

நான் சண்டைக்குத்தான் தயாராகி வந்திருந்தேன். கதவு பூட்டியிருக்கும் என்று நினைத்துத் தோளால் இடிக்க வந்தவளுக்குக் கதவைத் திறந்து உட்கார நாற்காலி போட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தேன். இந்தக் கேள்வியை இதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டதில்லை. அத்தை அம்மனைக் கேட்டார், மோகன் வைத்தியரைக் கேட்டார், சிஸ்டரை மேலதிகாரி கேட்டார். நானே என்னைக் கேட்டதில்லை, உள்ளுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேனே தவிர நேராக நின்று கேட்டதில்லை. வெளியே நாற்பத்தெட்டாவது ஆள் காத்திருக்கிறாள் என்று நினைப்பு வந்தது, சட்டென்று ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். மெதுவாக யோசித்தேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். எடுத்துருங்க என்றேன். என்னைக் கேட்காமல் வைத்தது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே இருக்க வேண்டாம். அடுத்த குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியாது, தெரிகிறவரைக்கும் அந்த மாத்திரையைக் கொடுங்கள், தெரிந்ததும் நானே வந்து சொல்கிறேன் என்றேன். தெரியாது என்று சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை. மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க நாலைந்து கேள்வி கேட்டு, ரத்த அழுத்தம் பார்த்தார். உள்ளே படுத்தபோது, இப்ப தொடப் போறேன், இப்ப கொஞ்சம் இழுக்கும் என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லித்தான் செய்தார். பிறகு தட்டில் காட்டினார். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. இதற்கா இத்தனை பாடு என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா சிஸ்டர், தட்டைப் பிடித்திருந்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து உட்கார்ந்ததும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடி, அவசரமில்ல என்றார். நான் குடித்து முடிக்கிறவரை நின்றார். அப்புறம் வெளியே போய், அடுத்த பெண்ணிடம், உனக்கு என்னன்னு டாக்டர் சொன்னாங்களா, புரிஞ்சுதா என்று கேட்பது கேட்டது. வழக்கமாகக் கேட்பாரோ என்னவோ, எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வராந்தாவில் கால் மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். அடி வயிற்றில் லேசாக ஒரு பிடிப்பு. வெயில் படிக்கட்டு வரை வந்திருந்தது. பயம் போய்விட்டதா என்று தேடிப் பார்த்தேன். இருந்தது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியும் போல இருந்தது. போனை எடுத்து மோகனுக்கு அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார், பின்னால் லாரி சத்தம். தன்ஷிகா ஸ்கூலில் டைரியில் ஏதோ எழுதி அனுப்பியிருக்கிறார்கள், அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்று ஆரம்பித்தார். ஒரு நிமிசம் நான் பேசறனுங்க என்றேன். சொன்னேன். எங்கே இருக்கிறேன் என்பதை, ஐந்து வருடமாக என்ன இருந்தது என்பதை, ஸ்கேன் அன்றைக்கு நான் சொன்ன பொய்யை, இன்று எடுத்தாயிற்று என்பதை, மாத்திரையை. ஒரே மூச்சில், நடுவில் அவர் ம் போட இடம் இல்லாமல். முடித்ததும் அந்தப் பக்கம் லாரி ஹாரன் இரண்டு தடவை கேட்டது. உனக்குத் தெரியாம எப்படி என்று கேட்கப் போகிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போகிறார். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கப் போகிறார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன், வரிசையாக, மூன்று வாரமாக அடுக்கி வைத்தவை.

"வலிச்சுதா?"

இந்தக் கேள்வியை நான் அடுக்கி வைக்கவில்லை. கண் நிரம்பிவிட்டது, வராந்தா முழுக்கக் கலங்கித் தெரிந்தது. கொஞ்சமுங்க என்றேன். வண்டிய எடுத்துட்டு வரட்டா என்றார். வேண்டாங்க, மத்தியான ஷிப்டுக்குப் போகணும், நானே போயிக்கறேன் என்றேன். சரி என்று வைக்கப் போனவரை நிறுத்தினேன். இதைச் சொல்லாமல் வைத்தால் அப்புறம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தோன்றும்.

"ஏனுங்க, இன்னொரு குழந்தை வேணுமா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணலைங். அத்தைகிட்டயும் நானே சொல்றன். முடிவு பண்ணுனா உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லுவேன். அதுவரைக்கும் யாரும் என்ற வயித்துக்காக வேண்டிக்க வேண்டாம்."

அவர் பெருமூச்சு விட்டது போனில் நன்றாகக் கேட்டது. சரி என்றார். அந்தச் சரியில் வருத்தம் இருந்தது, நாலு வருட ஆசை சும்மா போகுமா, ஆனால் அவர் சரி என்றுதான் சொன்னார். சாப்டுட்டுப் போ, வெறும் வயித்தோட போகாதே என்றும் சொன்னார். கால் மணி நேரம் முடிய இன்னும் நாலு நிமிடம் இருந்தது. யாரும் பார்க்கவில்லை, எழுந்து போயிருக்கலாம். நான் உட்கார்ந்திருந்தேன். என் உடம்புக்கு இன்னும் நாலு நிமிடம் உட்கார வேண்டும் போல இருந்தது, உட்கார்ந்தேன்.